இருநூற்றேழாம் இடம்

கேள்விக்குறி போடச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் பொறுமையின் தலையில் பழியைப் போட வேண்டாம்.

பொறுமை என்பது அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் உட்காரும் பெண்ணுக்கு நான் வைத்த பெயர். பதினொரு வருடம் என்னோடு வேலை பார்த்தும் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாதவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? எங்கள் வேலை இதுதான்: திரையில் நீங்கள் பார்க்கிற பொத்தான், பட்டியல், எழுதுகிற பெட்டி எல்லாவற்றையும் தயாராகச் செய்து வைப்போம். மற்ற நிரலர்கள் எடுத்துத் தங்கள் மென்பொருளில் பொருத்திக்கொள்வார்கள். கதவு ஜன்னல் மட்டும் செய்கிற பட்டறை மாதிரி, வீட்டை வேறு யாரோ கட்டுவார்கள். டூல்கிட் என்று பெயர். அதில் எழுத்துப் பெட்டி என் பொறுப்பு.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை வேண்டும். இன்று எல்லோரும் யூனிகோட் என்ற ஒரே அட்டவணைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். முன்பு அப்படி இல்லை. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு அட்டவணை. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் திறந்தால் கொக்கியும் கட்டமுமாகத் தெரியும். எங்கள் பெட்டி அந்தப் பழைய அட்டவணைகளில் முப்பத்தெட்டைப் புரிந்துகொள்ளும். கடைசியில் இருந்த முப்பத்தெட்டாவதற்கு ‘வீடு-1’ என்று பெயர்.

வீடு-1 என் மனைவிக்காக நான் செய்தது. அவள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சர். கல்யாணமான புதிதில் வீட்டுக்குக் கணினி வாங்கினேன். ஒரு வாரம் தட்டிப் பார்த்துவிட்டு, “விரல் ஒரு பக்கம் போகுது, எழுத்து ஒரு பக்கம் இருக்கு” என்று எழுந்துவிட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் விரலுக்குத் தகுந்த மாதிரி விசைகளை மாற்றி, அவளுக்குப் பிடித்த சாய்வில் எழுத்து வரைந்து, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணில் உட்கார வைத்தேன். ஒரு மாதம் ஆனது. எல்லா எழுத்தும் உட்கார்ந்த பிறகு ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது. இருநூற்றேழு.

“இங்க என்ன வைக்கட்டும்?” என்று கேட்டேன்.

பென்சிலை வாங்கி ஒரு சின்னக் குடை வரைந்தாள். “சண்டை போட்டா யாராவது ஒருத்தர் இதைப் போடணும். போட்டா அத்தோட முடிஞ்சுது. யார் மேல தப்புன்னு அப்புறம் கேக்கக் கூடாது.”

“எதுக்குக் குடை?”

“மழை வந்தா ரெண்டு பேரும் ஒண்ணுக்குள்ளதானே வந்தாகணும்? அதுக்குத்தான்.”

எங்களுக்குள் சண்டைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நான் முன்கோபி, அவள் அழுத்தக்காரி. நான் கத்திவிட்டு அரை மணியில் மறந்துவிடுவேன். அவள் கத்தவே மாட்டாள், மறக்கவும் மாட்டாள். அதனால் குடையை நீட்டுவது எப்போதும் அவளாகத்தான் இருந்தது. கைபேசி வந்த பிறகு அதில் எங்கள் குடை இல்லை. அப்போது வெறும் எண்ணாக ‘207’ என்று அனுப்புவாள். நேரில் பேசும்போதுகூட, “சரி, இருநூத்தியேழு, சாப்பிட வாங்க” என்பாள். என்னை அவள் கூப்பிட்டது ‘அவசரம்’ என்று. “அவசரம், மெதுவா மெல்லுங்க.” “அவசரம், செருப்பை மாத்திப் போட்டிருக்கீங்க.” மகளை ‘வாலு’ என்பாள். எங்கள் வீட்டில் சொந்தப் பெயருக்கு வேலையே இல்லை.

இரண்டு வருடம் முன்பு அலுவலகத்தில் பழைய அட்டவணைகளை எல்லாம் கழித்துக்கட்ட வேண்டும் என்று நான்தான் கிளப்பினேன். முப்பத்தெட்டு அட்டவணையைச் சுமந்துகொண்டு பெட்டி ஆமை வேகத்தில் நகர்ந்தது. எழுத்து உள்ளே வரும்போதே யூனிகோடாக மாற்றிவிடுவோம், மாற்றத் தெரியாதது வந்தால் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவோம், தீர்ந்தது என்றேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். ஜனங்கள் சேமிக்க மறந்துவிட்டு நம்மைத் திட்டுகிறார்கள், அதனால் மூடும்போது பெட்டி கேட்காமலே சேமித்துவிட வேண்டும்.

பொறுமை கையைத் தூக்கினாள். “சார், தெரியாத எழுத்து வந்தா கேள்விக்குறி காட்டுறது சரி. ஆனா வந்த எண்ணைத் தூக்கிப் போட வேண்டாமே. பக்கத்துலயே பத்திரமா வச்சுக்கலாம். திருப்பி எழுதும்போது வந்தது வந்தபடியே போகட்டும். இன்னைக்கு நமக்குப் புரியலைங்கிறதுக்காக அது குப்பை ஆயிடாதில்லையா?”

“நாம என்ன சத்திரமா நடத்துறோம்?” என்றேன். “வர்றவன் போறவன் மூட்டை முடிச்சையெல்லாம் காவல் காக்க?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுக் கையை இறக்கினாள். அந்த வாரமே அட்டவணைகளை நீக்கினேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. வீடு-1 வந்தபோது ஒரு நொடி கை நின்றது. அவள் எப்போதோ கைபேசிக்கு மாறிவிட்டாளே என்று நினைத்துக்கொண்டு, ‘பயனர் யாரும் இல்லை’ என்று எழுதி நீக்கினேன்.

பயனர் வீட்டில்தான் இருந்தாள். அறையின் மூலையில், துணிக் குவியலுக்குப் பின்னால், அந்தப் பழைய கணினியில், நான் ஆரம்பத்தில் போட்டுக் கொடுத்த அதே பழைய மென்பொருளில் தினமும் எதையாவது தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் எட்டிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வருடம் அவளுக்கு உடம்புக்கு வந்தது. கணையத்தில் புற்று. மருத்துவர் பேசிய விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள், அங்கே பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. உடனே கிளம்பி வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவைக் கூப்பிட்டாள். இவள் மாட்டேன் என்றாள். ஊசிக்கும் குழாய்க்கும் நடுவில் கிடக்க எனக்கு இஷ்டமில்லை, என் கட்டில் எனக்குப் போதும் என்றாள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே அச்சு. தொலைபேசியில் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் மகள், “அப்ப சாகுறதுன்னு முடிவே பண்ணிட்ட. இனிமே எனக்குப் போன் பண்ணாத” என்று வைத்துவிட்டாள்.

கோபத்தில் சொன்னது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். இவள் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. நான் இரண்டு பக்கமும் தூது போய்த் தோற்றேன். அறுபத்து மூன்றாம் நாள் இவள் போய்விட்டாள். மகள் வந்து சேர்ந்தபோது அம்மாவின் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது.

போவதற்கு மூன்று நாள் முன்பு, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து என் கையில் வைத்தாள். அதைத் தினமும் கணினியில் செருகி எடுத்துக்கொண்டிருந்ததை நானும் கவனித்திருந்தேன். கடைசி இரண்டு நாளும் அதைத் திருப்பிக் கேட்டு வாங்கி, எதையோ தட்டிவிட்டு மறுபடி கொடுத்தாள். “வாலுக்கு எழுதியிருக்கேன். அவ வந்தா குடுங்க. நீங்க படிக்கக் கூடாது.”

“எனக்கு ஒண்ணும் எழுதலையா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவளும் சிரித்தாள். பேசினால் மூச்சு வாங்கும் நாட்கள் அவை. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் முள் மாதிரி தங்கிவிட்டது. இருபத்தேழு வருடம் கூட இருந்தவனுக்கு ஒரு வரி இல்லையா?

காரியங்கள் முடிந்ததும் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். “இப்ப வேண்டாம்பா. இப்பப் படிச்சா நான் தாங்க மாட்டேன்” என்று ஊருக்குப் போய்விட்டாள். நான் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போட்டேன். எழுதியதுதான் பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறதே, படிக்க எங்கள் டூல்கிட்டில் அட்டவணை இருக்கிறதே என்று நினைத்தேன். அந்த அட்டவணையை என் கையாலேயே நீக்கியது அப்போது நினைவிலேயே இல்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, சனிக்கிழமை வரேன். அம்மா எழுதினதைப் படிக்கலாம்னு தோணுது.” பிறகு கேட்டாள். “அம்மா என் மேல கோபமாவே போயிட்டாளாப்பா?”

“அதெல்லாம் இல்லம்மா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க படிச்சீங்களா?”

“இல்ல.”

“அப்ப சனிக்கிழமை தெரிஞ்சிடும்” என்றாள். அவள் குரல் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையின் குரலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பென் டிரைவை அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். மகள் கணினியில் திறக்கிற மாதிரி யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். மாற்றுவதற்கு உள்ளே பார்க்க வேண்டிய அவசியமில்லை. முதலில் ஒரு நகல் எடு, பிறகு நகலில் வேலை செய். எங்கள் தொழிலில் சேருகிற எல்லோருக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்லிக் கொடுப்போம். நானே எத்தனை பேரிடம் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன்.

நான் நகல் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் கை போனது. என்னைப் பற்றி எங்காவது ஒரு வரி இருக்கிறதா, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கோப்பின் மேல் இரண்டு முறை தட்டினேன். எங்கள் புதிய எழுத்துப் பெட்டி திறந்தது. வரி வரியாகக் கேள்விக்குறிகள்.

நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். ‘பாத்தியா, நான் படிக்கக் கூடாதுன்னு நீ சொன்னதை என் பெட்டியே கேட்குது’ என்று மனதுக்குள் அவளிடம் சொல்லிக்கொண்டு பெட்டியை மூடினேன். அட்டவணையை நான் நீக்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைப் பழைய பதிப்பிலிருந்து தேடி எடுத்துத் தரும்படி பொறுமையிடம் கேட்டேன். அரை மணியில் எடுத்துக் கொடுத்தாள். வீடு-1ஐச் சேர்த்துவிட்டு மறுபடி திறந்தேன். கேள்விக்குறிகள்.

கோப்பை எண்களாகத் திறந்து பார்த்தேன். 63, 63, 63, 63. அறுபத்து மூன்று என்பது கேள்விக்குறியின் எண். அவள் வைத்த எண்கள் ஒன்றுகூட இல்லை. உள்ளே வரும்போதே என் பெட்டி ஒவ்வோர் எழுத்தையும் தெரியாது என்று கேள்விக்குறியாக்கிவிட்டது. அதன் கணக்கில் கோப்பு மாறிவிட்டது. மூடும்போது கேட்காமல் சேமித்துவிட்டது. நான் எழுதிக் கொடுத்ததை ஒரு பிசகும் இல்லாமல் செய்திருந்தது.

பொறுமை பென் டிரைவை வாங்கிக்கொண்டு போனாள். அழிந்த கோப்பை மீட்கிற கருவிகள் எத்தனை உண்டோ அத்தனையும் போட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் தன் வேலையைத் தொடவே இல்லை. வியாழக்கிழமை மாலை என் மேசைக்கு வந்து நின்றாள்.

“புது எழுத்து பழைய எழுத்து மேலயே போய் உக்காந்துடுச்சு சார். அடியில ஒண்ணும் மிஞ்சலை.” பென் டிரைவை இரண்டு கையாலும் நீட்டினாள். “என்னால முடிஞ்சது இவ்வளவுதான்.”

நான் அன்னைக்கே சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் சொல்லவில்லை. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கோப்பில் சில விஷயங்கள் தப்பித்திருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்கிற எண்களும், காற்புள்ளி, முற்றுப்புள்ளி, இடைவெளி இவையும் எல்லா அட்டவணையிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அதனால் அவை பிழைத்துக்கொண்டன. ஒவ்வொரு நாள் எழுதியதற்கும் தலையில் தேதி இருந்தது. ஒவ்வொரு சொல்லும் எத்தனை துண்டு என்பதும் தெரிந்தது. ‘வா’ என்றால் வ ஒன்று, கால் ஒன்று என இரண்டு துண்டு, ‘லு’ ஒரே துண்டு. எழுத்துத் துண்டு ஒன்றுக்குக் கேள்விக்குறி ஒன்று.

வெள்ளிக்கிழமை நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கடைசி நாள் கடிதம் மூன்று வரிதான் இருந்தது, தேதியைத் தவிர எண் எதுவும் இல்லை. முதல் சொல் மூன்று கேள்விக்குறி, ஒரு காற்புள்ளி. ‘வாலு’ சரியாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு அத்தனை இடத்திலும் நான் சொல்லைப் பொருத்திப் பார்த்தேன். நான்கு துண்டு, ஆறு துண்டு, இரண்டு துண்டு. அவள் எப்படிப் பேசுவாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? மதியச் சாப்பாட்டை மறந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். உன் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை, நீ போனை வைத்த அன்றே மன்னித்துவிட்டேன், நன்றாக இரு என்று வந்தது. ஒரு துண்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. நான் எழுதியதற்கு நானே அழுத கூத்தும் அன்று நடந்தது.

அதை ஒரு தாளில் அச்செடுத்தேன். மீதி அறுபத்தொரு நாளையும், நாளுக்கொரு தாளாக, கேள்விக்குறிகளாகவே அச்செடுத்து ஓர் உறையில் போட்டேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. அந்தத் தாள்களைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கவிழ்த்தே அடுக்கினேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மகள் வந்தாள். கைகால் கழுவிவிட்டு நேராகச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள். அம்மா எப்போதும் உட்காரும் நாற்காலியை விட்டுவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்தாள்.

“குடுங்கப்பா.”

“கோப்பு கொஞ்சம் கெட்டுப்போச்சும்மா. கடைசிக் கடுதாசி மட்டும்தான் எடுக்க முடிஞ்சுது” என்று அந்த ஒரு தாளைக் கொடுத்தேன்.

இரண்டு முறை படித்தாள். மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டாள். மூன்றாம் முறை படித்தாள். நான் அடுப்படிக்குப் போய்ச் சும்மா ஒரு டம்ளரைக் கழுவினேன்.

“அப்பா.”

“என்னம்மா?”

“இதுல அம்மா என்னை ஒரு தடவைகூடத் திட்டவே இல்லையே.”

நான் டம்ளரைத் துடைத்தேன்.

“சாப்பிட்டியான்னு கேக்கலை. முடியை வெட்டாதேன்னு சொல்லலை. மன்னிச்சுட்டேன்னு எழுதியிருக்கு. அம்மா எப்பப்பா அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கா?” அவள் குரல் உயரவில்லை. “நீங்க எழுதினதா?”

எனக்குப் பொய் சொல்ல வராது என்று பெருமையடித்துக்கொண்டே வாழ்ந்தவன் நான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அட்டவணையை நீக்கியது, பொறுமை சொன்னது, நான் சத்திரம் என்று நையாண்டி செய்தது, நகல் எடுக்காமல் திறந்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை.

“படிக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னா இல்ல? அப்புறம் ஏன்பா திறந்தீங்க?”

“பொறாமைதான்மா. உனக்கு அறுபது நாள் எழுதியிருக்கா. எனக்கு ஒரு வரி இல்ல. எங்கயாவது என் பேரு இருக்கான்னு பாக்கணும்னு ஆசை வந்துடுச்சு.”

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். எழுந்து போய்விடுவாள் என்றுகூட நினைத்தேன். அவள் கையை நீட்டினாள். “அந்த உறையைக் குடுங்க.”

முதல் தாளை எடுத்தாள். தேதியைப் பார்த்தாள். “நான் போனை வச்ச அன்னைக்கே எழுதியிருக்கா” என்றாள். அந்தத் தாள் அடிவரை நிரம்பியிருந்தது. ஒரு கேள்விக்குறி ஓர் எழுத்துத் துண்டு என்று நான் விளக்கினேன். தேதிக்குக் கீழே மூன்று கேள்விக்குறி, ஒரு காற்புள்ளி. விரலை வைத்து, “வாலு” என்றாள். அடுத்த தாள். “வாலு.” அடுத்தது. படிப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் அதை மட்டும் படித்துக்கொண்டே போனாள். அறுபது நாளும் அம்மா அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். வீட்டில் இருந்த நான்தான் ‘அவளும் கூப்பிடல, இவளும் கூப்பிடல’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாற்பது தாளைத் தாண்டியிருப்பாள். விரல் நின்றது.

“அப்பா, இது அஞ்சா இருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். ஐந்து கேள்விக்குறி, ஒரு காற்புள்ளி. வீடு-1இல் எந்த எழுத்துக்கு எத்தனை துண்டு என்று எனக்கு மனப்பாடம். எண்ண வேண்டிய அவசியமே இல்லை, இருந்தும் விரல் விட்டு எண்ணினேன். அவசரம்.

“இது எனக்கு எழுதினது இல்லப்பா” என்றாள் மகள். “உங்களுக்கு.”

மற்ற கடிதங்களைவிட அது நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் நிரம்பி, நடுவில் ஓர் எண்கூட இல்லாமல், வரிக்கு வரி கேள்விக்குறி. பின்பக்கத்தின் அடியில், தனி வரியில், 207 என்று இருந்தது. குடையைப் போட்டிருந்தால் அதுவும் கேள்விக்குறி ஆகியிருக்கும். கைபேசியில் போட்டுப் போட்டுப் பழகிய கை, எண்ணாகவே போட்டிருக்கிறது.

அந்தத் தேதியில் என்ன சண்டை என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மாத்திரை விஷயமா, மருத்துவரிடம் நான் கத்தியதா, இருபத்தேழு வருடத்தில் வேறு ஏதாவதா? எனக்கு மறந்துபோயிருக்கிறது. அவளுக்கு இரண்டு பக்கத்துக்கு நினைவிருந்திருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் யார் மேல் தப்பு என்று கேட்காமல் முடித்திருக்கிறாள். எனக்கு எழுதியதைத் தேடிப் போய் அதையும் நான்தான் அழித்திருக்கிறேன். மகளுக்கு முன்னால் அழக் கூடாது என்ற வைராக்கியமெல்லாம் அந்த மேசையில் கரைந்தது.

“207னா என்னப்பா?”

சொன்னேன். பென்சில் குடையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன வயதில் அம்மா அந்த எண்ணைச் சொல்வதை அவள் கேட்டிருக்கிறாள். ஏதோ வாய்ப்பாடு என்று நினைத்திருந்தாளாம்.

சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்து முடித்த தாள்களை மறுபடி இழுத்து முதலிலிருந்து புரட்டத் தொடங்கினாள். இந்த முறை தலைப்பைப் பார்க்கவில்லை, அடியைப் பார்த்தாள். தனக்கும் ஒரு 207 இருக்கிறதா என்று தேடுகிறாள். அது எங்கள் இரண்டு பேருக்குள் இருந்தது, உனக்கு அவள் அதைப் போட்டிருக்க மாட்டாள், வேறு எப்படியாவது சொல்லியிருப்பாள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கு என்ன தெரியும்? நான் கட்டின் மறுமுனையை எடுத்துக்கொண்டு கடைசியிலிருந்து முன்னால் புரட்டினேன். தேதிகள் இருந்தன. ஒரு தாளில் 2 என்றும், இன்னொன்றில் 10.30 என்றும் இருந்தது. இரண்டு பேரும் தேடினோம். முப்பத்திரண்டாம் தாளில் எங்கள் கைகள் முட்டிக்கொண்டன.

“எனக்கு ஒண்ணுகூட இல்லப்பா” என்றாள்.

நான் என் தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் கொஞ்ச நேரம் அதன் அடியில் இருந்த அந்த மூன்று எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான்கு மூலையும் சேரும்படி ஒழுங்காக மடித்து, என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மற்ற தாள்களைத் தேதி வாரியாக அடுக்கத் தொடங்கினாள்.